நிரப்புப் புரதங்கள் துளையிட்டால் பாக்டீரியா எப்படிச் சாகிறது?

மலர்க்கொடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை நுண்ணுயிரியல் முதலாண்டு மாணவி. நோய்த்தடுப்பியலில் நிரப்பு மண்டலம் (இரத்தத்தில் சுற்றி நோய்க்கிருமிகளைத் தாக்கும் புரதங்களின் தொகுதி) பற்றிய பகுதியைப் படிக்கும்போது எழுந்த ஐயத்தை இங்கே வைக்கிறேன். வகுப்பில் கேட்டபோது நேரம் போதாமல் பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

பாடநூல் தரும் விளக்கம் இது: சி5பி, சி6, சி7, சி8, சி9 ஆகிய புரதங்கள் பாக்டீரியாவின் சவ்வில் வரிசையாகச் சேர்ந்து, சவ்வுத் தாக்குதல் கூட்டமைப்பு என்னும் துளையை உருவாக்குகின்றன, அந்தத் துளை வழியே நீரும் அயனிகளும் உள்ளே பாய்வதால் பாக்டீரியா வெடித்து இறக்கிறது. உடன் வரும் படத்தில் ஒரே ஒரு சவ்வும் அதன் நடுவே ஒரு வளையமும் இருக்கின்றன.

ஆனால் இந்த முறையில் கொல்லப்படுபவை கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. அவற்றுக்கு வெளிச்சவ்வு, உட்சவ்வு என இரண்டு சவ்வுகள் உண்டு. துளையின் பீப்பாய்ப் பகுதி ஒரு சவ்வைக் கடக்கும் நீளமே உடையது என்றால், அது வெளிச்சவ்வோடு நின்றுவிட வேண்டும். வெளிச்சவ்விலோ ஏற்கெனவே போரின் புரதங்களின் துளைகள் ஏராளமாக உள்ளன, அவற்றால் பாக்டீரியா இறப்பதில்லை. உயிர் காக்கும் தடுப்பான உட்சவ்வு பழுதாகாமல் இருக்கும்போது பாக்டீரியா எப்படி இறக்கிறது? மறுபுறம், ஒரே சவ்வு உடைய கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் இதற்குத் தப்பிவிடுகின்றன என்பது இன்னும் குழப்பமாக இருக்கிறது.

இதே புரதங்கள் நம் இரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்போது நம் செல்கள் ஏன் துளைபடுவதில்லை என்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


இளம்பரிதி

மலர்க்கொடி அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஐயம் மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. பாடநூல் படம் பாக்டீரியாவிலிருந்து வந்ததன்று, சிவப்பணுவிலிருந்து வந்தது என்பதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல் அவிழ்ந்துவிடும்.

1894இல் ரிச்சர்டு ஃபைஃபர், நோயெதிர்ப்பு ஊட்டப்பட்ட கினிப் பன்றியின் வயிற்றறைக்குள் காலரா விப்ரியோக்கள் கரைந்துபோவதைக் கண்டார். அடுத்த ஆண்டே ஜூல் போர்டே, இந்த வேலைக்கு வெப்பத்தைத் தாங்கும் எதிர்ப்பொருள் ஒன்றும், 56 டிகிரி செல்சியசில் செயலிழந்துவிடும் வேறொரு பொருளும் சேர்ந்து தேவை என்று காட்டினார். செல் வளர்ப்புக்கு எடுக்கும் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) இன்றும் 56 டிகிரியில் 30 நிமிடம் வைக்கும் வழக்கம் அந்த இரண்டாவது பொருளை, அதாவது நிரப்புப் புரதங்களை, முடக்குவதற்காகத்தான். பின்னர் போர்டே சிவப்பணுக்களும் இதே முறையில் சிதைவதைக் கண்டார். சிவப்பணு சிதைந்தால் ஹீமோகுளோபின் வெளியேறிக் கரைசல் சிவக்கும். எவ்வளவு சிதைந்தது என்பதை நிறத்தைக் கொண்டே அளந்துவிடலாம். இவ்வளவு எளிய அளவீடு கையில் இருந்ததால், அடுத்த பல பத்தாண்டுகளின் ஆய்வுகள் ஆட்டுச் சிவப்பணுவை வைத்தே நடந்தன. 1964இல் போர்சோஸ், டூர்மாஷ்கின், ஹம்ஃப்ரி ஆகிய மூவர் மின்னணு நுண்ணோக்கியில் துளைகளின் படங்களை வெளியிட்டதும் சிவப்பணுச் சவ்வில்தான். ஒரு சிவப்பணுவை அழிக்க ஒரே ஒரு துளை போதும் என்ற மான்ஃபிரெட் மேயரின் கணக்கும் அங்கிருந்தே வந்தது. உட்கருவோ செல்சுவரோ சவ்வைச் சீரமைக்கும் ஏற்பாடோ இல்லாத ஒரு பைக்கு அது முழுக்கப் பொருந்தும். பாக்டீரியாவுக்கு அதை அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது.

துளையின் அமைப்பை முதலில் பார்ப்போம். சி5 கன்வர்டேஸ் என்னும் நொதி சி5 புரதத்தை வெட்டும்போது சி5பி பிறக்கிறது. அது தனியே நிலைத்திருக்காது. உடனே சி6ஐப் பற்றிக்கொள்ள வேண்டும். அவற்றுடன் சி7 சேர்ந்ததும் அந்தக் கூட்டு கொழுப்பை நாடும் இயல்பைப் பெற்றுச் சவ்வில் ஒட்டுகிறது. அடுத்து வரும் சி8தான் சவ்வை முதலில் ஊடுருவுகிறது. அதன் பிறகு சி9 மூலக்கூறுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்து, மொத்தம் 18 ஆகி வளையத்தை முடிக்கின்றன. இப்புரதங்கள் எல்லாவற்றிலும் எம்.ஏ.சி.பி.எஃப். என்ற ஒரே வகைப் பகுதி இருக்கிறது (சி5பி மட்டும் விலக்கு). கரைந்த நிலையில் இருக்கும்போது அந்தப் பகுதியில் இரண்டு ஆல்ஃபா சுருள் கொத்துகள் மடங்கிக் கிடக்கும். வளையத்தில் இடம்பிடித்ததும் அக்கொத்துகள் அவிழ்ந்து, நீண்ட இரண்டு பீட்டா கொண்டையூசிகளாக மாறிச் சவ்வுக்குள் இறங்கும். சி6, சி7, சி8 ஆல்ஃபா, சி8 பீட்டா ஆகிய நான்கும் 18 சி9களும் சேர்ந்து 22 துணைக்கூறுகள். ஒவ்வொன்றும் நான்கு இழைகள் தருவதால் 88 இழைகள் கொண்ட பீட்டா பீப்பாய். உள்விட்டம் ஏறத்தாழ 11 நானோமீட்டர். 2016இல் கிரையோ மின்னணு நுண்ணோக்கியில் இதன் வடிவம் தெளிவானபோது, வளையம் முழு வட்டமாக மூடாமல், ஸ்பிரிங் வாஷரைப் போல இரு முனைகளும் சற்று விலகி நிற்பது தெரியவந்தது.

நீங்கள் குறிப்பிட்ட போரினோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஈ. கோலையின் போரின் வழியே ஏறத்தாழ 600 டால்டன் எடைக்கு உட்பட்ட சிறு மூலக்கூறுகள் மட்டுமே செல்லும். 11 நானோமீட்டர் துளை வழியே முழுப் புரதங்களே மடிந்த நிலையில் சென்று வர முடியும். எனவே வெளிச்சவ்வில் ஏற்கெனவே ஓட்டைகள் உள்ளனவே என்ற வாதம் அளவைக் கணக்கில் எடுத்தால் நிற்காது. ஆனால் உட்சவ்வு பற்றிய உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது, அதுதான் கடினமான பகுதி.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் சூசன் ரோய்யாக்கர்ஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவர்கள் ஈ. கோலையின் பெரிபிளாசத்தில் (இரு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள வெளியில்) சிவப்பாக ஒளிரும் புரதத்தையும் சைட்டோபிளாசத்தில் பச்சையாக ஒளிரும் புரதத்தையும் உற்பத்தியாகும்படி செய்தனர். சிவப்பு ஒளி குறைந்தால் வெளிச்சவ்வு திறந்துவிட்டது என்று பொருள். டி.என்.ஏ.வோடு சேர்ந்தால் மட்டுமே ஒளிரும், பழுதற்ற உட்சவ்வைக் கடக்க முடியாத சைட்டாக்ஸ் சாயம் உள்ளே சென்று ஒளிர்ந்தால் உட்சவ்வும் பழுதாகிவிட்டது என்று பொருள். இந்த ஏற்பாட்டில், முன்கூட்டியே தயாரித்து வைத்த சி5பி6 கூட்டைச் சி7, சி8, சி9 ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்தபோது பாக்டீரியா சாகவில்லை. அதே கலவை செயற்கைக் கொழுப்புச் சவ்வையும் பாலூட்டிச் செல்லையும் துளைத்தது. பாக்டீரியாவின் மேற்பரப்பிலேயே சி5 கன்வர்டேஸ் அமர்ந்து, அங்கேயே சி5ஐ வெட்டி, பிறந்த சி5பி அந்த இடத்திலேயே சி6, சி7 ஆகியவற்றோடு சேர்ந்து உடனே சவ்வில் பதிந்தால் மட்டுமே இரண்டு சவ்வுகளும் திறந்து பாக்டீரியா இறந்தது. சி5பி6 சிறிது நேரத்திலேயே பாக்டீரியாவைக் கொல்லும் திறனை இழந்துவிடுகிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

ஆகவே பாக்டீரியாவின் மேல் வளையம் படிந்திருக்கிறது என்பதும், அது சவ்வுக்குள் முறையாக இறங்கியிருக்கிறது என்பதும் வேறு வேறு செய்திகள். சரியாக இறங்கிய துளை வெளிச்சவ்வைத் திறந்தபின் உட்சவ்வு எந்த வழியில் பழுதாகிறது என்பது துறையில் இன்னும் முடிவாகாத கேள்வி. அழுத்தத்தைத் தாங்குவதில் வெளிச்சவ்வுக்கும் பெரும் பங்கு உண்டு என்று 2018இல் தெரியவந்திருப்பதால், வெளிச்சவ்வு குலைந்ததும் சுமை முழுவதும் உள்ளே மாறி உட்சவ்வு நிலைகுலைகிறது என்ற விளக்கத்துக்கு நான் சற்று அதிக எடை தருகிறேன். இது என் கருத்துத்தான்.


கார்முகில்

இளம்பரிதி அவர்களின் விளக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று கருதுகிறேன். சீரத்தில் லைசோசைம் உண்டு. 14 கிலோடால்டன் எடையுள்ள அந்த நொதி சாதாரண நிலையில் வெளிச்சவ்வைக் கடக்க முடியாது. 11 நானோமீட்டர் துளை வழியே எளிதாக நுழைந்து, செல்சுவரின் பொருளான பெப்டிடோகிளைக்கானை வெட்டிவிடும். சுவர் போனபின் உட்சவ்வு தானே வெடிக்கும். கொல்லும் வேலையை லைசோசைம் செய்கிறது, நிரப்புப் புரதங்கள் வாயிலை மட்டும் திறந்துவிடுகின்றன என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வரும் இவ்விளக்கத்தை ஏன் ஒதுக்க வேண்டும்?

கிராம் பாசிட்டிவ் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவற்றின் பெப்டிடோகிளைக்கான் அடுக்கு 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடிமன் உடையது. நிரப்புப் புரதங்கள் அதன் வெளிப்புறத்தில் படிகின்றன. கீழே இருக்கும் சவ்வைக் கொண்டையூசிகள் எட்டுவதில்லை. ஒரே சவ்வுதான் என்பது உண்மையானாலும் அது மிக ஆழத்தில் இருக்கிறது. அவற்றின் மேல் சி3பி என்ற மற்றொரு நிரப்புப் புரதம் படிந்து அடையாளம் காட்ட, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் விழுங்கி அழிப்பதே அங்கு முக்கிய வழி.

கிராம் நெகட்டிவ் வகைகளிலும் எல்லாம் இறப்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. வெளிச்சவ்வின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறின் ஓ ஆன்டிஜென் என்னும் சர்க்கரைச் சங்கிலி நீளமாக இருந்தால் வளையம் சவ்விலிருந்து தொலைவிலேயே உருவாகிறது. 1982இல் சால்மொனெல்லா மின்னசோட்டாவின் சீரத்தைத் தாங்கும் இனம் ஒன்றை ஆராய்ந்த ஜாய்னர் குழுவினர், சி5பி முதல் சி9 வரை எல்லாம் அதன் மேல் படிந்து, பிறகு பாக்டீரியா உயிரோடிருக்கும்போதே உதிர்ந்து போனதைக் காட்டினர். படிவதும் இறங்குவதும் வேறு என்று இளம்பரிதி சொன்னதற்கு இது நல்ல பழைய சான்று.


இளம்பரிதி

கார்முகில் அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் மேற்சொன்ன சோதனையின் முறையைக் கவனித்தால் விடை அதிலேயே கிடைக்கும். பாக்டீரியாவை முதலில் சி5 நீக்கப்பட்ட சீரத்தில் வைத்தார்கள். அங்கு கன்வர்டேஸ் மேற்பரப்பில் உருவாகும், ஆனால் வெட்டுவதற்குச் சி5 இராது என்பதால் எல்லாம் அந்த நிலையிலேயே நிற்கும். பிறகு சீரத்தை முழுவதுமாகக் கழுவி நீக்கிவிட்டு, தூய்மைப்படுத்திய சி5 முதல் சி9 வரையிலான புரதங்களை மட்டும் கொடுத்தார்கள். சீரத்தின் லைசோசைம் அங்கு இல்லை. அப்படியும் உட்சவ்வு திறந்து பாக்டீரியா இறந்தது. எனவே கொல்வதற்கு லைசோசைம் கட்டாயம் என்று சொல்ல முடியாது. இறந்த பாக்டீரியாவைச் சிதைத்துக் கரைப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

வாயில் திறக்கிறது என்ற உங்கள் கருத்துக்கு வேறொரு பயன் இருக்கிறது. வான்கோமைசின் மூலக்கூறு ஏறத்தாழ 1450 டால்டன் எடையுடையது. போரின் வழியே நுழைய முடியாததால் கிராம் நெகட்டிவ் நோய்களில் அது பயன்படுவதில்லை. நிரப்புப் புரதங்கள் வெளிச்சவ்வைத் திறந்தபின் அத்தகைய மருந்துகள் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் மீதும் வேலை செய்வதை அதே குழு ஆய்வகத்தில் காட்டியிருக்கிறது.


மலர்க்கொடி

மூன்று பதிவுகளையும் நிதானமாகப் படித்தேன். மிக்க நன்றி. வளையம் முதலில் சவ்வின் மேலே முழுமையாக உருவாகி, பிறகு ஒரே வீச்சில் கீழே இறங்குகிறது என்று எங்கோ படித்த நினைவு. இளம்பரிதி ஐயா எழுதியதைப் பார்த்தால் ஒவ்வொரு சி9உம் தனித்தனியே இறங்குவது போல் தோன்றுகிறது. எது சரி? நம் செல்கள் தப்புவது எப்படி என்பதும் இன்னும் விடையின்றி நிற்கிறது.


இளம்பரிதி

நீங்கள் படித்தது பாக்டீரியாவின் நச்சுப்புரதங்களைப் பற்றியதாக இருக்கும். நிமோகாக்கசின் நிமோலைசின், லிஸ்டீரியாவின் லிஸ்டீரியோலைசின் முதலிய கொலஸ்டிரால் சார்ந்த நச்சுப்புரதங்கள் நம் செல்களைத் துளைக்கப் பயன்படுபவை. 2007இல் எம்.ஏ.சி.பி.எஃப். பகுதியின் முதல் படிக அமைப்புகள் வெளியானபோது, அது இந்த நச்சுப்புரதங்களின் மையப் பகுதியைப் போலவே மடிந்திருப்பது தெரிந்தது. அமினோ அமில வரிசையை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் உறவு இருப்பதாகவே தோன்றாது. பாக்டீரியா நம்மைத் தாக்கும் கருவியும் நாம் பாக்டீரியாவைத் தாக்கும் கருவியும் ஒரே மூதாதைப் புரதத்திலிருந்து கிளைத்தவை என்பதே இதற்கு இன்று ஏற்கப்பட்ட விளக்கம். நோய்த்தடுப்பியலில் என்னை இவ்வளவு வியக்க வைத்த கண்டுபிடிப்பு வேறில்லை.

ஆனால் இயங்கும் முறையில் வேறுபாடு உண்டு. நச்சுப்புரதங்கள் சவ்வின் மேல் முன்வளையம் ஒன்றை அமைத்து, அது முழுதாகக் கீழ்நோக்கிச் சரிய, கொண்டையூசிகளை ஒருசேர இறக்குகின்றன. நிரப்புப் புரதங்களில் அப்படியில்லை. 2019இல் இலண்டனில் பார்ட் ஹோகன்போம் குழுவினர் விரைவு அணுவிசை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு வளையமும் வளர்வதைத் தொடர்ந்து படமெடுத்தபோது, சி9கள் சவ்வுக்குள் இறங்கிய நிலையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வது தெரிந்தது. அதில் இன்னொரு செய்தியும் கிடைத்தது: முதல் சி9 வந்து பதிவதுதான் மிகவும் மெதுவான படி, அது பதிந்துவிட்டால் மீதி வளையம் விரைவாக முடிந்துவிடுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இந்த மெதுவான படியே திறவுகோல். நம் செல்களின் மேற்பரப்பில் சிடி59 என்ற சிறிய புரதம் கொழுப்பு நங்கூரத்தால் பொருத்தப்பட்டிருக்கிறது. அது சி8, சி9 ஆகியவற்றின் இறங்கும் கொண்டையூசிகளைப் பிடித்து வழிதிருப்பி, சவ்வைக் கடக்கவிடாமல் செய்கிறது. முதல் சி9 பதிவதற்கு ஆகும் தாமதம் சிடி59க்குத் தேவையான அவகாசத்தைத் தருகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் சிடி59 இல்லை. இதற்கு முந்தைய கட்டங்களில் ஃபேக்டர் எச், சிடி55 முதலிய கட்டுப்படுத்தும் புரதங்கள் கன்வர்டேசையே குலைத்துவிடும். இரத்தத்தில் இடம் தவறி மிதக்கும் சி5பி7 கூட்டுகளை விட்ரோனெக்டினும் கிளஸ்டரினும் பொதிந்து அகற்றிவிடும்.


மருத்துவர் நன்மாறன்

இவ்வுரையாடலை மருத்துவத்தின் பக்கமிருந்து சற்று நீட்டிக்க விரும்புகிறேன், ஏனெனில் இந்தத் துளை மனித உடலில் எதற்கு உண்மையில் இன்றியமையாதது என்பதை நோயாளிகளே நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

சி5 முதல் சி8 வரை ஏதேனும் ஒன்று பிறவியிலேயே இல்லாதவர்கள் எல்லாத் தொற்றுகளுக்கும் இரையாவார்கள் என்று எதிர்பார்ப்போம். நடப்பது அதுவன்று. அவர்களுக்குத் திரும்பத் திரும்ப வருவது நைசீரியா வகைப் பாக்டீரியாத் தொற்று, குறிப்பாக அவ்வகையைச் சேர்ந்த மெனிங்கோகாக்கஸ் உண்டாக்கும் மூளையுறை அழற்சியும் இரத்தத் தொற்றும்தான். மற்ற பெரும்பாலான பாக்டீரியாக்களை விழுங்கு செல்களும் எதிர்ப்பொருள்களும் சமாளித்துவிடுகின்றன என்பதே இதன் பொருள். மெனிங்கோகாக்கசின் வெளிச்சவ்வில் நீண்ட ஓ ஆன்டிஜென் இல்லை. கார்முகில் குறிப்பிட்ட தற்காப்பு அதற்கு இல்லாததால் துளை எளிதில் இறங்குகிறது. 1969இல் அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நடந்த ஆய்வில், சீரத்தில் மெனிங்கோகாக்கசைக் கொல்லும் திறன் முன்பே இருந்தவர்களுக்கு நோய் அரிதாகவே வந்தது என்பது வெளிப்பட்டது. இன்றும் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகளின் பயனை அளப்பது, தடுப்பூசி பெற்றவரின் சீரம் நிரப்புப் புரதங்களோடு சேர்ந்து பாக்டீரியாவைக் கொல்கிறதா என்ற அதே சோதனையால்தான்.

சி9 மட்டும் இல்லாதவர்கள் ஜப்பானில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மெனிங்கோகாக்கஸ் ஆபத்து கூடுதல்தான், ஆனால் சி5 முதல் சி8 வரையிலான குறைபாடுகளில் இருக்கும் அளவுக்கு இல்லை. பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள். சி8 வரை சேர்ந்த கூட்டே சிறிய அளவில் சவ்வைக் குலைத்து, மெதுவாகவேனும் பாக்டீரியாவைக் கொல்வது இதற்குக் காரணம். முழு வளையம் இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது என்று மாணவர்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எதிர்த்திசையில் நடப்பதும் உண்டு. பி.ஐ.ஜி.ஏ. என்ற மரபணு எலும்பு மச்சையின் குருத்துச் செல்லில் பழுதானால், கொழுப்பு நங்கூரம் உருவாகாமல் சிடி55, சிடி59 ஆகிய இரண்டும் சிவப்பணுவின் மேற்பரப்பில் இல்லாமல் போகின்றன. அப்போது நம் நிரப்புப் புரதங்களே நம் சிவப்பணுக்களைத் துளைக்கின்றன. இரவு நேர ஹீமோகுளோபின் சிறுநீர் நோய் என்பது இதுதான். காலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவதாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். 2007இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எக்குலிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து சி5ஐப் பற்றிக்கொண்டு அது வெட்டுப்படாமல் தடுக்கிறது, சிவப்பணுக்கள் தப்புகின்றன. அதே மருந்தால் மெனிங்கோகாக்கஸ் நோயின் ஆபத்து 1000 முதல் 2000 மடங்கு வரை கூடுகிறது. எனவே மருந்து தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாகத் தடுப்பூசி போடுவது விதி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்திருக்கிறது. துளையே உருவாக முடியாதபோது எதிர்ப்பொருள் மட்டும் இருந்து போதுவதில்லை. இந்த மருந்தில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்கும் சேர்த்தே நான் வலியுறுத்துவேன்.

மெனிங்கோகாக்கசும் சும்மா இருப்பதில்லை. தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நிறுத்தி, இளம்பரிதி குறிப்பிட்ட மனித ஃபேக்டர் எச்சைப் பிடித்துத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. அதனால் கன்வர்டேஸ் நிலைப்பதில்லை. பி வகை மெனிங்கோகாக்கசுக்கான இன்றைய தடுப்பூசிகளில் அந்தப் பிடிக்கும் புரதமே ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.


மலர்க்கொடி

மருத்துவர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பெர்ஃபோரினும் இதே எம்.ஏ.சி.பி.எஃப். குடும்பம் என்று அறிகிறேன். அது பாக்டீரியாவைக் கொல்வதில்லையா?


வெண்ணிலவன்

பெர்ஃபோரின் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் வெளிவிடும் பெர்ஃபோரின்-1, கால்சியம் இருந்தால் இலக்குச் செல்லின் சவ்வில் ஒட்டி வளையமாகி, செல்லைச் சாகடிக்கும் கிரான்சைம் நொதிகளை உள்ளே விடுகிறது. அதன் இலக்கு நோயுற்ற நம் செல், பாக்டீரியா அன்று. ஆனால் அந்தச் செல்லுக்குள் பாக்டீரியா ஒளிந்திருந்தால், பெர்ஃபோரின் திறந்த வழியில் கிரானுலைசின் என்ற 9 கிலோடால்டன் புரதம் நுழைந்து பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கிறது. கிரானுலைசின் மனிதருக்கு உண்டு, எலிக்கு இல்லை. எலிகளில் மட்டும் செய்த ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

பாக்டீரியாவோடு நேரடித் தொடர்புடையதாகச் சொல்லப்படுவது பெர்ஃபோரின்-2. இந்தக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர்களில் ஒன்றான இது கடற்பஞ்சுகளிலும் காணப்படுகிறது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் எப்போதும் இருக்கும். மற்ற பல செல்களில் தொற்று அறிகுறி கிடைத்தபின் உருவாகும். இது தனியே மிதக்காமல், விழுங்கிய பாக்டீரியாவை அடைத்து வைக்கும் பைகளின் சவ்வில் பொருத்தப்பட்டிருக்கிறது. 16 துணைக்கூறுகள் வளையமாகச் சேர்கின்றன, ஆனால் பைக்குள் அமிலத்தன்மை ஏறும்வரை துளையாக மாறுவதில்லை. 2019இல் வெளியான கிரையோ மின்னணு நுண்ணோக்கி அமைப்பில் ஒரு நுட்பம் தெரிந்தது: வளையத்தைச் சவ்வோடு பிணைக்கும் பகுதி ஒரு பக்கமும், துளையிடும் கொண்டையூசிகள் அதற்கு எதிர்ப்பக்கமும் நோக்கி இருக்கின்றன. தன்னைத் தாங்கும் சவ்வை விட்டுவிட்டு எதிரே இருப்பதைத் துளைக்கும்படி இது அமைந்திருக்கிறது என்று அக்குழுவினர் விளக்கினர்.

2015இல் மயாமியிலிருந்து வந்த ஆய்வுகள், பெர்ஃபோரின்-2 இல்லாத எலிகள் பலவகைப் பாக்டீரியாத் தொற்றுகளில் எளிதில் இறப்பதாகவும், குடல் நோய் உண்டாக்கும் சில பாக்டீரியாக்கள் சிஃப் என்ற புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தி, பெர்ஃபோரின்-2 உரிய இடத்துக்குப் போய்ச் சேராமல் தடுப்பதாகவும் கூறின. பின்னர் வேறொரு குழு அந்த மரபணு நீக்கிய எலிகளைச் சோதித்து, பாக்டீரியாவை எதிர்ப்பதற்கு அது கட்டாயமில்லை என்று எழுதியது. 2023இல் வந்த ஆய்வொன்று, டி செல்களுக்கு ஆன்டிஜென்களைக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களில் பெர்ஃபோரின்-2 அந்தப் பைகளின் சவ்வையே துளைத்து, உள்ளிருக்கும் ஆன்டிஜென்களைச் சைட்டோபிளாசத்துக்குள் விடுவதைக் காட்டியது. அமைப்பு எந்தச் சவ்வை விட்டுவிடும் என்று நாம் எண்ணியிருந்தோமோ அதே சவ்வு இங்கே துளைபடுகிறது. பெர்ஃபோரின்-2இன் முதன்மை வேலை பாக்டீரியாவைக் கொல்வதுதானா என்பதில் எனக்கு இப்போது ஐயம் கூடியிருக்கிறது. நிரப்புப் புரதங்களில் கிடைத்தது போல், தூய்மைப்படுத்திய புரதத்தை மட்டும் கொடுத்து உட்சவ்வு பழுதாவதைக் கண்முன் காட்டும் சோதனை இங்கும் வந்தால்தான் முடிவாகப் பேச முடியும்.